சம்பந்தி நிறுத்திய இடம்

சொல் பிறக்கும் முன்னும் சொல் அடங்கிய பின்னும் ஒருபடியாய் நிற்கும் எம்பெருமான் திருவடியைச் சென்னிமேல் சூடி இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று ஐப்பசித் திங்கள் முழுநிலா நாள். மாலையில் சிவாலயத்தில் இறைவன் திருமேனியை அன்னத்தால் மூடி வழிபடுவார்கள். கள்ளக்குறிச்சியில் காலை முதல் சிறு தூறல். கோயிலுக்குப் புறப்படுமுன் எழுதி முடித்துவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன். இந்த வாரத் தொடக்கத்தில்தான் கிறித்தவர்களின் கல்லறைத் திருநாள் வந்து போனது. என் சம்பந்தியின் கல்லறைக்கு அன்று நானும் போயிருந்தேன். அங்கே கண்டதை எழுதாமல் அன்னம் சாத்திய திருமேனியைத் தரிசிக்கப் போவது ஏனோ முறையாகப் படவில்லை.

சம்பந்தி தியாகதுருகத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தவர். அவ்வூர் மாதா கோயிலுக்குச் சாமியார் எல்லா நாளும் வர இயலாது. வராத நாட்களில் முன்னின்று ஜெபம் சொல்லும் பொறுப்பு அவருடையது. ஆகையால் ஊரில் அவரை உபதேசியார் என்பார்கள். நானோ சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாள்தோறும் விடியலில் பதிகம் ஓதாமல் வாய் நனைக்காதவன். என் மகன் அவருடைய மகளை விரும்பி மணந்துகொண்டான். பதிவு அலுவலகத்தில் இரு வீட்டாரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றோம். பகை என்று சொல்ல முடியாது. மரியாதை மிகுந்திருந்தது, பேச்சுதான் குறைந்திருந்தது. மாதத்துக்கு ஒருமுறை பேருந்தேறி மகளைப் பார்க்க வருவார். ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டு வருவார். "மல்லாட்டை, புதுசுங்க சம்மந்தி" என்று வாசலிலேயே வைத்துவிடுவார். முறைப்படி அழைத்து விருந்து வைக்கும்வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர் குடும்ப வழக்கம். அழைக்க எனக்கும் விருப்பந்தான். ஆனால் எந்த முறைப்படி அழைப்பது என்று இரு வீட்டுக்கும் தெரியவில்லை. எனவே சாப்பிடச் சொல்லும்போதெல்லாம், "இப்பதாங்க சாப்ட்டு வந்தேன், வயித்துல எடமில்ல" என்று ஒரு செம்பு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

எங்களை ஒன்றாய் உட்கார வைத்தது பேத்திதான். மகன் வளைகுடா நாட்டில் வேலையிலிருக்கிறான். மருமகள் கல்வராயன் மலையில் அரசு சுகாதார நிலையத்தில் செவிலி. காலைப் பேருந்தில் மலையேறினால் விளக்கு வைக்கும் வேளைக்குத்தான் இறங்குவாள். குழந்தை என்னோடு இருந்தாள். எல்லா வீட்டிலும் போலவே கைப்பேசியும் அவளோடு இருந்தது. நான்கு வயதை நெருங்கியும் அவள் அம்மா என்று அழைக்கவில்லை, தாத்தா என்று சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலம் பேசினாள். கைப்பேசிப் படங்களில் கேட்டதைத் துல்லியமான உச்சரிப்பில் திரும்பச் சொன்னாள். கையில் பால் தம்ளரைக் கொடுத்தால் "இன் த பாஸ்கெட்" என்பாள், கூடைக்குள் என்று. மழை பெய்தால் "அண்டர் த டேபிள்" என்பாள். பாயில் படுத்தபடி சுவரைப் பார்த்து "ரைட் ஓவர் தேர்" என்பாள். அதோ அங்கேதான் என்று அவள் சொல்லும் அந்த அங்கே எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லுக்கும் பொருளுக்கும் ஒட்டில்லை. அக்கம்பக்கத்தார் மட்டும் மெச்சினார்கள். "இன்னாமா இங்கிலீசு பேசுது உங்க பேத்தி, கான்வென்டுக்கே அனுப்ப வாணாம் போல" என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லிப் போன ஒரு மாலையில், மருமகள் சீருடையைக்கூட மாற்றாமல் என்னெதிரே உட்கார்ந்தாள். "வாயத் தெறந்தா யாருக்கோ சொல்லுது மாமா. எனக்கில்ல. மலையில பேர் தெரியாத புள்ளைங்கள்லாம் என்ன அக்கான்னு கூப்புடுதுங்க. இது கடைசி வரைக்கும் என்ன ஒண்ணுமே கூப்புடாதா?" என்றாள். 

பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் குழந்தையோடு நெடுநேரம் தரையில் அமர்ந்திருந்துவிட்டு, "இந்தப் பாப்பா வார்த்தை வார்த்தையா எடுத்துக்கல ஐயா. பாட்டு மாதிரி முழுசு முழுசா எடுத்து வெச்சுக்கினு இருக்கு. கேள்வி கேட்டுத் துளைக்காதீங்க. போனைக் கம்மி பண்ணுங்க. அது வெச்சிருக்கறத வெச்சே நீங்க பேசுங்க" என்றார். முழுசு முழுசாக என்ற சொல் என்னை உலுக்கியது. திருநாவலூர்க் கோயிலில் என் தந்தையார் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஓதிய பதிகங்களை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எது எழுவாய், எது வேற்றுமை உருபு என்று அறியாமல், எங்கே ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்குகிறது என்றும் அறியாமல், தேனடையைப் பிய்க்காமல் விழுங்கியது போல். பொருள் வெகு காலம் கழித்து ஒவ்வொன்றாய் உள்ளே விளைந்தது. விளையாமலே இருந்துவிட்ட வரிகளும் உண்டு. அவற்றையும் கண்ணீரோடுதான் ஓதுகிறேன்.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் குழந்தை வைத்திருந்த தொடர்களை நான் பயிலத் தொடங்கினேன். அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவன்தான். ஆனால் கோப்பின் ஆங்கிலம் கோட்டு அணிந்த ஆங்கிலம். இது வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் ஆங்கிலம். அதில் ஒவ்வொரு பெயரும் தனக்கென்று ஒரு சிறு துணைச்சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. நடந்து போனால் ஆன் ஃபுட். பேருந்தில் போனால் பை பஸ். காலைக்கு இன், இரவுக்கு அட். ஏன் என்று கேட்டால் விடையில்லை, பழகிவிட்டன, அவ்வளவே. நம் மொழியில் உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டு அதன் உடம்பாகவே ஆகிவிடும். அங்கோ அது தனியாய் முன்னே நடக்கிறது, சுவாமி புறப்பாட்டில் முன்செல்லும் தீவட்டி போல. அந்தச் சிறு சொல்லுக்கும் முன்னே ரைட், ஸ்ட்ரெயிட், வே என்று இன்னொரு சொல் வழி விலக்கிக்கொண்டு போகும். இதையெல்லாம் கண்டு வியந்தேனே ஒழிய, குழந்தையிடம் ஒன்றும் நடக்கவில்லை. மேசையைக் காட்டினேன், கூடையைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருகிறவர்கள் வேறு, "தாத்தா எங்க? காட்டு பாக்கலாம்" என்று நம் ஊர் வழக்கப்படி சோதிப்பார்கள். இரு காதுகளையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.

சம்பந்திக்குச் செய்தி தெரிந்து அடுத்த ஞாயிறே வந்தார். பயிற்சிப் பெண்மணி சொன்னதை மகள் வாயால் கேட்டுக்கொண்டு, "அப்ப நானும் அதக் கத்துக்கிறேன், போடு அத" என்று கைப்பேசியைக் காட்டினார். குழந்தை தூங்கும் நேரத்தில் மகளும் தகப்பனும் சமையற்கட்டில் அமர்ந்து அந்தப் படங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். அவர் உதடு கூடவே அசையும். ஒருநாள் நான் கேலியாக, "என்ன சம்மந்தி, இந்த வயசுல கலெக்டருக்குப் படிக்கிறீங்களா?" என்றேன்.

"எங்கப்பாரு லத்தீனையே முழுங்கனவருங்க. ஒரு எழுத்து தெரியாது, அப்பல்லாம் மாதா கோயில்ல பூசையே லத்தீன்லதான், அம்புட்டும் சொல்லுவாரு. இங்கிலீசு இன்னா அதவிட ஜாஸ்தியா?"

"லத்தீன் ஆண்டவருக்குப் புரியும். உங்க இங்கிலீஷ் யாருக்குப் புரியப் போகுது?"

"உங்க பதிகம் எனக்குப் புரிஞ்சா கேட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருக்கேன்? காதுக்கு நல்லா கீதேன்னு கேக்கறேன்" என்றார். எங்கள் இருவருக்குமிடையே மரியாதையைத் தாண்டி நடந்த முதல் உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மழை பிடித்துக்கொண்டதால் சம்பந்தி பேருந்துக்குக் கிளம்ப முடியவில்லை. குழந்தை வழக்கம்போல் கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவர் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமலே, தான் கற்ற தொடர்களை வரிசையாய்ச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு இரண்டே குரல் உண்டு. ஒன்று மாட்டை ஓட்டும் குரல். மற்றது கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும் குரல். இது இரண்டாவது. மன்றாட்டு மாலையில் முன்னவர் பாதி சொல்லி நிறுத்துவார். மறுபாதியைச் சபையார் சொல்வார்கள். சொல்லும்வரை முன்னவர் தலை கவிழ்ந்து நிற்பார். காலமெல்லாம் அப்படியே சொல்லிப் பழகிய நாக்கு. "இன் த…" என்று இழுத்தவர், கோயிலில் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டார். தலையும் தானாகக் கவிழ்ந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாஸ்கெட்" என்றது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல்.

அவர் திரும்பவில்லை. சபை சொல்ல வேண்டியதைச் சபை சொல்லிற்று என்பது போல அடுத்ததற்குப் போனார். "அண்டர் த…"

"டேபிள்."

"அப் இன் த…"

"ட்ரீ."

மருமகள் கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். "அப்பா" என்று அவள் உதடு பிரிந்தபோது அவர் பேசாதே என்று ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். தொடர்கள் தீர்ந்தன. தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் சுற்றில் குழந்தை கட்டிலுக்கடியிலிருந்து நகர்ந்து வந்து அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த வாய் முதன்முறையாக ஒருவருக்கு விடை சொன்னது. மழை விட்டபின் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்காவது சாப்ட்டுட்டுப் போப்பா" என்றாள். அவர் என்னை ஒருகணம் பார்த்தார். "சோறு கீதா? ரசம் மட்டும் ஊத்து, போதும்" என்று கை கழுவ எழுந்தார். எந்த முறைப்படி அழைப்பது என்ற எங்கள் நெடுநாள் சிக்கல் அப்படித் தீர்ந்தது.

வழியனுப்பும்போது, இப்படிச் செய்ய எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "ஒண்ணும் தோணலீங்க. பழக்கத்துல நின்னுட்டேன். அந்த எடத்துல ஜனங்க சொல்லுவாங்க இல்ல" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஜெபம் சொல்ற ராகத்துல கூடை, மேசைன்னு சொல்லிட்டேன். சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. வெளிய சொல்லிடாதீங்க சம்மந்தி" என்றார்.

அன்று இரவு பூசையில் மனம் அதிலேயே நின்றது. நம் மொழியில் 'மேசைக்குக் கீழே' என்போம். கீழே என்ற சொல் வருமுன்பே மேசை வந்துவிடுகிறது. இடையில் நிறுத்தினாலும் கேட்பவர் தவிக்க வேண்டியதில்லை. அந்த மொழியிலோ 'கீழே' முதலில் வந்து, வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதற்குக் கீழே? பெயர் வந்து அந்தக் கையைப் பற்றினால்தான் அது அமையும். அந்த ஏங்கிய இடைவெளியில்தான் குழந்தை நுழைந்தாள். வாழ்நாளெல்லாம் தமிழிலேயே இறைவனைத் தேடியவனுக்கு அயல்மொழி ஒன்றின் அமைப்பில் அவன் வைத்திருந்த வாசல் தெரிந்தது. எங்கும் இருப்பவன் அங்கு மட்டும் இல்லாமலா போவான்?

அதன்பின் சம்பந்தி வாராவாரம் வந்தார். பழைய பெயர்களை மெல்லக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினார்கள் இருவரும். அண்டர் த புளியமரம். இன் த மாட்டுக்கொட்டா. டவுன் இன் த கெணறு. மருமகளுக்குக் கவலை வந்தது. "இதுவும் இல்லாம அதுவும் இல்லாம ரெண்டுங்கெட்டானாப் பூடுமேப்பா" என்றாள். "ரெண்டு வூட்டுப் புள்ளதான, ரெண்டு பேச்சும் பேசட்டும் வுடு" என்றார் அவர். ஒருநாள் தாய் வேலை செய்யும் இடத்தைக் காட்டக் குழந்தையை மலைக்கு அழைத்துப் போனோம். வளைவுகளில் பேருந்து முனகி ஏறியபோது சம்பந்தி "அப் த…" என்று நிறுத்த, "மலை" என்றாள் குழந்தை. அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாம் வளைவில், மரவள்ளி மூட்டையை மடியில் வைத்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி தானும் சேர்ந்து "மலை" என்றாள். குழந்தை எட்டி அவள் வாயைப் பொத்தினாள். அது தன் பங்கு. பிறர் சொல்லக் கூடாது. "பாருங்க, எம்மாம் அதிகாரம்! அப்பன் வூட்டு பஸ்ஸு போல" என்று அந்தப் பெண் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள்.

ஆனால் அது அவரோடு மட்டுமே நடந்தது. நானும் பாதியில் நிறுத்திப் பார்த்தேன். குழந்தை என் முகத்தை அமைதியாகப் பார்த்துவிட்டு வாசலைப் பார்ப்பாள், அவர் வருகிறாரா என்று. என் குரலில் பண் இருந்தது; தாளமும் தவறவில்லை. ஒருவேளை நான் தாளத்துக்காக நிறுத்தினேன் போலும். அவர் ஆளுக்காக நிறுத்தினார்.

இந்த ஆடியில் சம்பந்தி வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. அந்த ஞாயிறு குழந்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருந்தாள். அதற்குப்பின் வாசலுக்கும் வரவில்லை. கைப்பேசியில் கற்ற பழைய தொடர்களைக்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மருமகள் நீண்ட விடுப்பு எடுத்தாள். பயிற்சிப் பெண்மணி காத்திருக்கத்தான் சொன்னார். மாலைதோறும் விளக்கேற்றியபின் அவள் அருகில் அமர்ந்து, "இன் த…" என்று சொல்லித் தலை கவிழ்ந்து காத்திருப்பேன். காத்திருந்து பின் திருநீறு இட்டுவிட்டு எழுவேன். அவளுக்குப் பேச்சு அவரோடு போய்விட்டதோ என்ற அச்சத்தை நானும் மருமகளும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் வாய்க்கு இருந்த ஒரே வாசல் அவர்தான் என்றால், இனி அது யார் தட்டினால் திறக்கும்?

கல்லறைத் திருநாளன்று மூவரும் தியாகதுருகத்துப் பேருந்தில் போனோம். ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் செண்டுமல்லியும் குவித்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியுடையது இன்னும் கட்டப்படாத மண்மேடு. மருமகள் கொண்டுபோன பூவையெல்லாம் அதன்மேல் பரப்பி மண்ணே தெரியாமல் மூடினாள். மன்றாட்டு மாலையை வேறொருவர் சொன்னார். சபையார் விடை சொன்னார்கள். நெற்றியில் நீறோடு ஓரமாக நின்ற எனக்கும் அந்த விடை இப்போது வாய்க்குப் பழகியிருந்தது; மெல்லச் சொன்னேன். குழந்தை வாய் திறக்கவில்லை. ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தபின் மண்மேட்டருகே குந்தி உட்கார்ந்தாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்டர் த…" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். மற்றப் பாதியையும் அவளே சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து முகத்தைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். அந்த இடம் எனக்காக விடப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவரை விடை மட்டுமே சொன்னவள் முதன்முறையாகக் கேட்கிறாள், என்னைக் கேட்கிறாள். அந்தத் தாத்தா எதற்குக் கீழே இருக்கிறார் என்று கேட்கிறாள். இறைவனடி, விண்ணுலகு, பிறவாப் பேரின்பம் என்று எத்தனையோ சொற்கள் ஓதி வைத்திருந்த நெஞ்சில் அந்த இடத்தில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை. கண்ணெதிரே தெரிந்ததைச் சொன்னேன்.

"பூ."

குழந்தை குனிந்து இரண்டு கையாலும் சாமந்தியை விலக்கினாள். உள்ளே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "மண்ணு."

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது. அவள் காதிலும் அது விழுந்திருந்தது. இருவரும் கேட்டோம். என் பேத்தி எனக்குத் தந்த முதல் சொல் மறுப்புச் சொல். "ஆமாம் கண்ணு, மண்ணுதான்" என்றேன். விலக்கிய பூவை அவளே பழையபடி இட்டு நிரவினாள். பிறகு எழுந்து பக்கத்துக் கல்லறைக்குப் போய்க் குந்திக்கொண்டு, "அண்டர் த…" என்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மண்ணு" என்றேன்.

"ம்" என்று அடுத்ததற்குப் போனாள்.

இதைப் படிப்போர் இல்லங்களில் சொல்வார் நாவும் கேட்பார் செவியும் குறைவின்றி விளங்குக. பாதியில் நிற்கும் எந்தச் சொல்லுக்கும் மறுபாதி தர ஒருவர் அருகிருக்க, தந்தது தவறென்றால் இல்லை என்று சொல்ல ஒரு மழலை வாயும் உடனிருக்க, எல்லோரும் நிறைந்து வாழ எம்பெருமான் அருள் புரிக.